தூளியில் தூங்கிய பெட்ரோல் டேங்க்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் தூளி கட்டினேன்.

உடனே வாழ்த்துச் சொல்ல போனை எடுத்துவிடாதீர்கள். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். தூளியில் கிடந்தது என் கணவருடைய பைக்கின் பெட்ரோல் டேங்க்!

அவர் மஸ்கட்டில் இருக்கிறார். ஒன்பது வருஷமாக. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. பைக் மட்டும் கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பழைய பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நிற்கும். போன தடவை கிளம்பும்போது டேங்க்கை நிரப்பிவிட்டுச் சொன்னார்: “ஃபுல்லா இருந்தா உள்ள துரு புடிக்காது கலா. வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணு, போதும்.”

தலையாட்டினேன். ஆனால் ஆபீசுக்கு லேட்டாகும் காலையில் என் ஸ்கூட்டி ரிசர்வ் காட்டினால் பங்க் வரைக்கும் யார் போவது? அவர் டேங்க்கிலிருந்து ஒரு பாட்டில். அப்புறம் இன்னொரு பாட்டில். ஆறே மாதத்தில் டேங்க் காலி. எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே துருவேறி உதிர்கிறது... காலி டேங்க் எம்மாத்திரம்?

வெள்ளிக்கிழமை தோறும் போனில் கேட்பார். “ஸ்டார்ட் பண்ணியா?”

“ம்... பண்ணேங்க.”

மஸ்கட்டுக்கு எஞ்சின் சத்தமா கேட்கப் போகிறது?

இந்த வருஷ லீவு நெருங்கியது. மனுஷர் பிடிகொடுக்கவில்லை. “எல்லாரும் ஃபார்ம் குடுத்துட்டாங்க. நான்தான் யோசிக்கறேன். வந்துதான் என்னா பண்ணப் போறேன்?” என்றார். வந்தால் முதல் வேலையாக அந்த பெட்ஷீட்டைத்தான் உருவுவார். ஏற்கெனவே மனசில்லாமல் இருப்பவர், செத்துக் கிடக்கும் வண்டியையும் பார்க்க வேண்டுமா? ஒரு லிட்டர் வாங்கி ஊற்றிப் பார்த்தேன். அடியில் இருந்து செம்மண் நிறத்தில் சொட்ட ஆரம்பித்தது.

அன்றைக்கு சிதம்பரத்தில் இருந்து என் தம்பி வந்திருந்தான். துணி சோப்பை எடுத்து ஓட்டையில் அழுத்தித் தேய்த்தான். நின்றுவிட்டது!

“ரெண்டு நாளுதாங்க்கா தாங்கும். அப்புறம் வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போவணும்.”

பெட்ரோல் டேங்க், வெல்டிங் என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டதுமே எனக்கு வியர்த்தது. நானே இறங்கிவிட்டேன்.

பெட்ரோலை வடித்து, டேங்க்கைக் கழற்றி, கொல்லையில் வைத்து சோப்புத் தண்ணீரில் பத்துத் தடவை அலசினேன். துருவுக்கு வினிகர் என்றது யூடியூப். கடையில் இருந்த பாட்டில் மொத்தத்தையும் கேட்டதும், “என்னா மேடம், ஃபிரைடு ரைஸ் கடை போடறீங்களா?” என்றார் கடைக்காரர். வினிகரோடு ஒரு கை நட்டு, போல்ட்டு போட்டு, ஓட்டையில் டேப்பை ஒட்டி, வாயை இறுக்கி மூடிக் குலுக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது. டேங்க்கோடு ஹாலுக்கு வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். மகளுக்குத் தூளி கட்டிய கொக்கி இன்னும் அங்கேயே இருந்தது.

அப்புறம் என்ன? பழைய புடவையில் டேங்க்கைப் போட்டு ஆட்டினேன். கடகடவென்று ஒரே சத்தம். மறுநாள் கொட்டினால், ரசம் மாதிரி வந்தது. திரும்ப அலசி, வெயிலில் காயவைத்து, ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, எம்-சீலைப் பிசைந்து அப்பினேன். ஒரு நாள் கழித்து பெட்ரோல் ஊற்றினால்... சொட்டு இல்லை!

ஒரு பைக்குக்கு இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு லீவிலும் அந்த வண்டியில்தான் என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போவார். பஸ் நிறைய இருக்கிறது. ஆனாலும் அதில்தான். போனில் “சாப்பிட்டியா” தாண்டாத மனுஷர், வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை பேசிக்கொண்டே ஓட்டுவார். பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். தோளில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டுவேன். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் நான் இரண்டு வருஷம் ஏங்கிக் கிடக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. இரண்டு வருஷப் பொய்யை ஒப்புக்கொண்டு, டேங்க்கைச் சரிசெய்த பெருமையையும் சேர்த்துக் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், மெதுவாகச் சொன்னார்:

“ஒழுவறது தெரியும் கலா. மச்சான் அன்னிக்கே போட்டோ அனுப்பிட்டான்.”

“தெரியுமா? ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?”

“வந்து நானே பாத்துக்கலாம்னு இருந்தேன். அதுக்குன்னு இங்க ஓட்டை அடைக்கற சீலர்கூட ஒண்ணு வாங்கி வெச்சேன். போனவாட்டி தண்ணி மோட்டார் பாக்கலாம்னு வந்தேன்... நீ ஆளு வெச்சு முடிச்சிருந்த. ஃபேனு, குழாயி, எல்லாம் நீயே பாத்துக்கற. அங்க வந்து விருந்தாளி மாதிரி எத்தினி நாளு ஒக்காந்திருக்கறது? இது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு.”

போன லீவில் அவர் ஸ்குரூடிரைவரோடு வீடு முழுக்கச் சுற்றியது ஞாபகம் வந்தது. இறுக்கமாக இருந்த ஸ்குரூவையே திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தார். நான்கூடச் சிரித்தேன்.

‘ஒத்தை ஆளாகச் சமாளிக்கிறாள்’ என்று ஊரே மெச்சும்போது எனக்கும் குளிர்ந்துதான் போகும். அவருக்குச் சுமை வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக முடித்து முடித்து, சொந்த வீட்டிலேயே அவருக்கு ஒரு வேலையும் இல்லாமல் செய்துவிட்டிருக்கிறேன். எனக்கு வேண்டியது அவர். ஒழுகாத டேங்க்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

“ஏங்க... சொல்ல மறந்துட்டேன். அது நிக்கலீங்க. காலையில பாத்தா மறுபடியும் சொட்டுது.”

“சொட்டுதா?” குரலே மாறிவிட்டது. “நீ தொடாத. யாரையும் தொட வுடாத. நான் வரேன்.”

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. கையெழுத்துப் போட்ட லீவு ஃபார்ம். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, ஹாலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த மாதம் வருகிறார். டேங்க்கோ ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. ஓட்டையை அடைக்க யூடியூபில் ஆயிரம் வீடியோ... ஓட்டை போடுவதற்கு ஒன்றுகூட இல்லை. தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள், ப்ளீஸ்!