புல்லட் ரயிலில் பெண் பார்க்கப் போனோம்

எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம். ஜேடர்பாளையத்துப் பக்கம் கரும்பும் வாழையும் போட்டு, கூடவே லாரியும் ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் குடும்பம், ஜப்பானில் டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் புல்லட் ரயிலில் உட்கார்ந்திருந்தது. சேலம் ஜங்ஷனில் ரயிலேறினாலே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நாங்கள். அங்கே எங்களை இழுத்துக்கொண்டு போனவன் என் தம்பி.

தம்பி இன்ஜினீயர். மில் இயந்திரங்களைப் பழகி வரப் போனவன், அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டான். கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாக எழுதினான். அப்பா முதலில் முடியவே முடியாது என்றார். அப்புறம், “நேர்லயே போயி, வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்தரலாம்” என்று கிளம்பினார். அம்மாவும் நானும் துணைக்கு.

பெண் வீடு கியோட்டோவில். ஆனால் பெண்ணின் அப்பாவும் அம்மாவும், அவளையும் எங்களையும் கூட்டிப்போக டோக்கியோவுக்கே வந்துவிட்டார்கள். உயர்ந்த வகுப்பில் டிக்கெட் எடுத்து, எங்கள் பைகளைக்கூட அவர்களே தூக்கினார்கள். நான் பூரித்துப்போனேன். அப்பா என் காதருகே குனிந்தார்.

“அம்மிணி, பொண்ணு ஊட்டுக்காரங்க இத்தன தூரம் வந்து தாங்கறாங்கன்னா, பொண்ணுகிட்ட என்னமோ கொறை இருக்குது. சூதானமா இரு.”

ரயில் கிளம்பியதும் பெண்ணின் அப்பா எழுந்து இருக்கையின் கீழே ஏதோ ஒரு கட்டையைக் காலால் மிதித்தார். இருக்கை அப்படியே சுழன்று எங்களைப் பார்க்கத் திரும்பியது. எனக்கு ஆச்சரியம். அப்பாவுக்கோ, எங்கள் முகத்தை வைத்தே ஆளை எடை போடப் போகிறார்கள் என்று சந்தேகம்.

ஃபூஜி மலை வந்தபோது பெட்டியே ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அப்பா மட்டும், மலை பார்க்க எழுந்து ஜன்னலுக்கு நடந்த அந்தப் பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடையில் குறை இல்லை என்று தெரிந்ததும் காதில் இருக்குமோ என்று தோன்றிவிட்டது.

“அவளுக்குப் பின்னால ஏதாச்சும் கீழ போடு. கேக்குதான்னு பாக்கலாம்.”

தலையெழுத்தே என்று தண்ணீர்ச் செம்பின் மூடியை நழுவ விட்டேன். அந்தப் பெண் சட்டென்று திரும்பி, எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

“ஒரு மூடிக்கு எதுக்கு ரெண்டு கை? ஒரு கை வெளங்காதோ என்னமோ” என்றார் அப்பா. அம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மதியம் ஆனது. பெண்ணின் அம்மா ஒரு பட்டுத்துணி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே அடுக்கடுக்காகக் கறுப்பு மரப்பெட்டிகள், மேலே தங்க நிறத்தில் பூ வேலை. மகள் டோக்கியோவில் தங்கியிருந்த அறையில் விடியுமுன் எழுந்து அவரே சமைத்ததாம். ஒரு பெட்டியில் எள்ளு தூவிய சோற்று உருண்டை, இன்னொன்றில் பூவாக வெட்டிய கேரட், ஓட்டை ஓட்டையாகத் தாமரைத் தண்டு, மஞ்சளாகச் சுருட்டிய முட்டை. அம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது சேப்பங்கிழங்கு மட்டும்தான். எனக்கு நாக்கில் நீர் ஊறியது.

அப்பா கையைக் கட்டிக்கொண்டார். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால், சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டோம். நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மறுக்க வந்தவர் எப்படிச் சாப்பிடுவார்? அம்மாவும் நானும் ஆட்டையாம்பட்டி முறுக்கைக் கடித்தபடி ஜன்னலைப் பார்த்தோம்.

பெண் வீட்டார் கை மடியில் இருக்க, எங்களையே பார்த்தார்கள். நாங்கள் தொடாமல் அவர்களும் தொடுவதாக இல்லை. தம்பி அவர்களிடம் மெதுவாக எங்கள் வழக்கத்தைச் சொன்னான். பெண்ணின் அப்பா தணிந்த குரலில் நெடுநேரம் ஏதோ சொன்னார். தம்பி முகம் வெளுத்துவிட்டது.

“என்னடா சொல்றாரு?”

“ஒன்னுமில்லீங்கப்பா.”

“ஒன்னுமில்லாததுக்கா இத்தன நேரம் பேசுனாரு? மறைக்காமச் சொல்லு.”

தம்பி தலையைக் குனிந்தபடி சொன்னான். “அவரும் இன்னும் சம்மதம் சொல்லலீங்கப்பா. நம்மளப் பத்திச் சந்தேகமாவே இருக்குதாம்.”

“என்ற பையனுக்கு என்னடா கொறச்சல்?” அப்பா போட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“என்னப் பத்தி இல்லீங்க. நாங்க சமைச்சதத் தொடாதவங்க, நாளைக்கு எம் பொண்ணு கையில எப்படிச் சாப்புடுவாங்கன்னு கேக்கறாரு. தெரியாத ஊருல அவ ஒருத்தி ஆக்கி வெச்சு, ஒருத்தரும் தொடாமப் போனா, அவ என்ன ஆவாள்னு கேக்கறாரு. நீங்க சாப்புடலீன்னா, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி நம்ம போயிரலாமாம். பேச்சு இதோட முடிஞ்சுதாம்.”

தம்பியின் குரல் உடைந்தது. அந்தப் பெண் தலையே தூக்கவில்லை. வண்டி வேகம் குறைய ஆரம்பித்தது. அப்பாவுக்கு வேண்டியது அதுதானே? எழுந்து இறங்கினால் வந்த காரியம் முடிந்தது.

அப்பா எதிரில் இருந்தவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். என் கல்யாணத்தன்று என்னை அனுப்பிவிட்டு அப்பா வாசலில் நின்றாரே, அந்த முகம்தான் அந்த மனுஷருக்கும் இருந்தது. அப்பா கண்ணில் அது பட்டதோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நாயமாத்தான் கேக்கறாரு” என்றவர் எழுந்தார். “கை கழுவறது எங்கடா?”

திரும்பி வந்து உட்கார்ந்து, குச்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, சோற்று உருண்டையைக் கையால் பிட்டு சேப்பங்கிழங்கோடு சேர்த்து வாயில் போட்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். ஸ்டேஷன் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். நாங்கள் ஒருவரும் அசையவில்லை.

“உப்பு பத்தல. நல்லா இருக்குதுன்னு சொல்லு” என்றார் தம்பியிடம்.

அவன் என்ன சொன்னானோ, பெண்ணின் அப்பா பெரிதாக மூச்சு விட்டார். அப்புறம் பாருங்கள், அவர் சாப்பிட்ட வேகத்தை! எங்களைவிட அவருக்குத்தான் பசி. அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் என் மகளுக்கும் மகனுக்கும் சம்பந்தம் பேச எத்தனையோ வீட்டுப் படி ஏறி இறங்கிவிட்டேன். எங்கேயாவது அளவுக்கு மீறி உபசரித்தால், இவர்களிடம் என்ன குறையோ என்று இப்போது தோன்றுவதில்லை, நம்மைப் பார்த்து இவர்களுக்கு என்ன பயமோ என்றுதான் தோன்றுகிறது.