யுக்காவுக்குத் தெரியாமல் ஒரு சண்டை

பின்லாந்தில், நான் வேலை பார்க்கும் சரக்குக் கம்பெனியின் லிப்டில் ஐந்து பேர் ஏறினால், ஐந்து வேறு ஊர்களுக்குப் போகிறவர்கள் மாதிரி நிற்பார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வந்த புதிதில், ஏதோ பெரிய தகராறு நடந்திருக்கிறது, நமக்குத்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் காலை வணக்கமே அதுதான் என்று புரிய நாளாயிற்று.

என் ஊர் திருநெல்வேலி விஷயம் வேறு. தச்சநல்லூர் லாரி செட்டில் நானும் பீர் முகம்மதுவும் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்குள் சண்டை வந்தால் முதலில் தெரு முழுக்கக் கேட்கும். பிறகு பேச்சு நின்றுவிடும். "ஸ்ரீவைகுண்டம் வண்டி கெளம்பிட்டான்னு அவரக் கேளுங்க" என்று பீர் சுவரைப் பார்த்துச் சொல்வான். சண்டை நாளில் மட்டும் எனக்கு இந்த மரியாதை கிடைக்கும். நானும் சுவருக்கே பதில் சொல்வேன். எங்கள் ஊரில் பேசாமல் இருப்பதைவிடச் சத்தமான காரியம் கிடையாது. சாயங்காலத்துக்குள் எதிர்க்கடை அண்ணாச்சி வந்து, "என்ன வே, சின்னப் பிள்ளைகளா நீங்க? டீயக் குடிங்க" என்பார். குடித்து முடிப்பதற்குள் சண்டை தீர்ந்துவிடும். உண்மையைச் சொன்னால், அண்ணாச்சி வருவார் என்ற தைரியத்தில்தான் நாங்கள் பேச்சையே நிறுத்துவோம்.

இந்தப் பயிற்சியோடுதான் பக்கத்து மேஜை யுக்காவிடம் மோதினேன். நான் ராப்பகலாக உட்கார்ந்து போட்ட திட்டத்தை, கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "இது வேலைக்காகாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். மானம் போயிற்று. அன்றே அவனோடு பேச்சை நிறுத்தினேன். வாரங்கள் ஓடின. அண்ணாச்சி யாரும் வரவில்லை. எனக்குத்தான் தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை, லிப்டைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்தது. டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது பர்ன்அவுட், வேலையில் மனசும் உடம்பும் ஓய்ந்துபோயிருக்கின்றன, கொஞ்ச நாள் விடுப்பு எடுங்கள் என்றார். நானோ வேலையையே விட்டுவிடுவது என்று முடிவுகட்டி, பீருக்குப் போன் செய்தேன்.

"ஏலே, நீ கோவமா இருக்கது அவனுக்குத் தெரியுமாலே?"

"வாரக்கணக்கா பேசாம இருக்கேன். தெரியாமலா இருக்கும்?"

"அங்கன எவன்தான் பேசுதான்? மொதல்ல அவன்ட்ட போய்ச் சொல்லு. பொறவு வேலைய விடு."

மறுநாள் சொன்னேன். யுக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினான். "எப்போதிலிருந்து கோபம்?" என்று கேட்டான். சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"நீ இங்கே நன்றாகப் பழகிவிட்டாய் என்றல்லவா நினைத்தேன்! வீட்டில்கூடச் சொன்னேன். உன் திட்டத்தில் ஒரு இடம்தான் சரியில்லை. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது."

அதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? கேட்கவில்லை. அவன் எழுந்து போய், எனக்கும் சேர்த்துக் கஹ்வி ஊற்றிக்கொண்டு வந்தான். காப்பிக்கு இங்கே அதுதான் பெயர். இருவரும் பேசாமலே குடித்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விடுப்பு எடுத்தேன், வேலையை விடவில்லை.

போன தடவை ஊருக்குப் போனபோது, லாரி செட்டில் பீருக்கு எதிரே என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே மூடை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மனசு நிறைந்திருந்தது. யுக்காவோடு உட்காருகிற பழக்கத்தில் ஒன்றும் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பீரின் முகம் சுருங்கியது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"வந்ததுலேருந்து வாயத் தொறக்க மாட்டுக்காரு. எம்மேல என்ன கோவம்னு அவரக் கேளுங்க."

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், எதிர்க்கடையிலிருந்து அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.