ஸ்டெபிலைசர் நோட்டு ரெண்டான கதை

சால்டரிங் புகையும் ஸ்டென்சில் மையும் கலந்து ஒரு வாசம் வரும் பாருங்க... எண்பதுகள்ல தேனியில என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல ஞாயித்துக்கிழமைன்னா அந்த வாசம்தான்.

டிவி வந்த புதுசு. தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடுனா கரண்ட் இறங்கிப்போயி படம் சுருங்கிரும். அதனால ரேடியோ மெக்கானிக்குக சொந்தமா ஸ்டெபிலைசர் செஞ்சு வித்தாக.

போடி, கம்பம், தேவாரம்... முப்பது பேராவது இருப்பாக. ஞாயித்துக்கிழமை எல்லாரும் என் இன்ஸ்டிட்யூட்லதான் கூடுவாக. தொழில்ல போட்டிதான். ஆனா சர்க்யூட்டை யாரும் ஒளிச்சு வைக்கல! ஒரே பொது நோட்டு. யாரு வேணா பாத்துச் செய்யலாம், திருத்தம் சொல்லலாம். ஸ்டென்சில்ல வரைஞ்சு காப்பி எடுத்துக் குடுக்குறது நான்.

நோட்டைப் போடி ஜெபராஜ் அண்ணன் பொறுப்புல விட்டிருந்தாக. போடிக்காரக மூணு கடையில செஞ்சு, ஒரு மாசம் ஓடுனாத்தான் நோட்டுல ஏத்துவாக. கம்பத்துக்காரக நேர் எதிர்... இன்னைக்குத் தோணுனதை இன்னைக்கே மாட்டிருவாக.

ஒரு தடவ கம்பம் நாசர் ஒரு திருத்தம் கொண்டாந்தாரு. கரண்ட் எம்புட்டு இறங்குனாலும் டிவி ஓடும்.

ஜெபராஜ் அண்ணன் ஒத்துக்கல. "கரண்ட் திடீர்னு ஏறுனா டிவி புகைஞ்சிரும் தம்பி. ஏறுனா தானா நிறுத்துற கட்-ஆஃப் இல்லாம நோட்டுல ஏத்த முடியாது."

"எங்க ஊர்ல ஏறுறதே இல்லண்ணே! போடிய மட்டும் நெனச்சுச் சட்டம் போடுறீக."

கை தூக்கச் சொன்னாக. சரிபாதி. எல்லாரும் என்னையப் பாக்குறாக... "நான் வரையிறவ மட்டுந்தான்"னு நழுவிட்டேன்.

நாசர் எந்திரிச்சிட்டாரு. "அப்ப நாங்க தனி நோட்டு போட்டுக்கிறோம்."

போச்சு, இத்தோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். ஜெபராஜ் அண்ணன் நோட்டை எடுத்து நாசர் கையில குடுத்தாக. "மொதப் பக்கத்துல இருந்து முழுசா பாத்து எழுதிக்கங்க. இதுல பாதி உங்க ஆளுக எழுதுனதுதானே. ஏத்தா செல்வி, அவுக நோட்டுக்கும் நீதான் வரையணும்."

நாசர் திரும்ப உக்காந்துட்டாரு. எழுதப் பேனா நான்தான் குடுத்தேன்.

ஆறேழு மாசம் ரெண்டு நோட்டு. அப்புறம் நாசரே கட்-ஆஃப் சேத்துக் கொண்டாந்தாரு. தான் செஞ்சதுல ஒரு டிவி புகைஞ்சதையும் மறைக்காமச் சொன்னாரு. அப்பவும் ஜெபராஜ் அண்ணன், "மூணு கடையில செஞ்சு பாப்போம்"னுதான் சொன்னாக! ஒரு மாசம் கழிச்சு நாசர் பேரோட பழைய பொது நோட்டுலயே ஏறுச்சு.

இப்ப என் மகன், உலகம் பூரா ஆளுக சேர்ந்து எழுதுற இலவச சாஃப்ட்வேர்ல வேல பாக்குறான். அங்கனயும் குரூப் குரூப்பா சண்டையாம், பிரிஞ்சு போறதாம். ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்ததில்லையாம். கோவம் வந்தா லேப்டாப்பை மூடிட்டு எந்திரிச்சிருறான்.

எங்களுக்குக் கம்பம் பஸ்சு நாலு மணிக்குத்தான்... எம்புட்டுக் கோவம்னாலும் அதுவரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்துதானே ஆகணும்.