ஒரு தலைக்கு இரண்டு பெட்

எண்டர் தட்டுவதற்கு முன்னால் அண்ணி கூந்தலிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்வார். விடை சரியாக வந்தால் ஹேர்பின் கூந்தலுக்குத் திரும்பும். வராவிட்டால் பல்லிலேயே இருக்கும். பேச்சும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். அந்த வாரம் முழுக்க, அடுப்பில் பால் பொங்கும்போதுகூட, ஹேர்பின் பல்லில்தான் இருந்தது. "அகப்பட்டுச்சா?" என்று கேட்பதை அண்ணன் நிறுத்திவிட்டார்.

எங்கள் இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. நான் தரைத்தளத்து மருந்துக் கவுண்டரில். அண்ணி, நோயாளிகளையும் வார்டுகளையும் மருந்துகளையும் கட்டி மேய்க்கும் டேட்டாபேஸை எழுதி நடத்துகிறவர். யார் எந்த பெட்டில், அவருக்கு என்ன மருந்து என்று என் கணினி கேட்கும், பட்டியல் வரும். நன்றாக வந்துகொண்டிருந்தது, திடீர் திடீரென்று முரண்டு பிடிக்கத் தொடங்கியது. ஒருவருக்கு ஒரு பெட் என்று விடை வரவேண்டிய இடத்தில் ஒன்றுக்கு மேல் வந்துவிட்டதாகத் திரை சொல்லும். யாரோ ஒருவருக்காக மொத்தப் பட்டியலும் கோபித்துக்கொண்டு போய்விடும். அண்ணியைக் கூப்பிட்டால், அவர் வந்து பார்ப்பதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். வைத்தியரைக் கண்டதும் ஓடிப்போகும் பல்வலி மாதிரி. எப்போது தேடினாலும் ஒரு தலைக்கு ஒரு பெட்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் வெளியிலிருந்து வேறு மென்பொருள் வாங்கிக்கொள்வதாகத் தலைமை மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணி வருஷக்கணக்கில் கட்டியது போகும். கூடவே அவர் நாற்காலியும்.

"உங்க கவிதை மாதிரியே இருக்கு, கவிஞரே," என்றார் என்னிடம். "ஏதோ இருக்குன்னு தெரியுது. கையை வச்சா ஒண்ணுமில்ல."

வெள்ளி காலை, துரத்துவதை விட்டுவிட்டு அண்ணி பொறி வைத்தார். யாருக்காவது இரண்டு பெட் இருக்கிறதா என்று டேட்டாபேஸிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு குவெரி. அகப்பட்டால் மணி அடிக்கும். கவுண்டருக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்துகொண்டார். நான் மாத்திரை அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது.

திரையில் ஒரே ஒரு வரி. ஒரு நோயாளி, மூன்றாம் மாடியில் ஒரு பெட், முதல் மாடியில் ஒரு பெட். பல்லில் பின் இருந்ததால் அண்ணி சொன்னது புரியவில்லை. கை மட்டும் படிக்கட்டைக் காட்டியது. நான் முதல் மாடிக்கு ஓடினேன், அவர் மூன்றாம் மாடிக்கு. என் எதிரே சுருக்கமில்லாமல் விரித்த படுக்கை. ஆள் இல்லை.

போனில் அண்ணிக்கு மூச்சு வாங்கியது. "இங்க காலி."

"இங்கயும் காலி, அண்ணி."

இரண்டு பெட் உள்ள மனிதர் இரண்டிலும் இல்லை.

"அப்ப நடுவுல இருக்கார்," என்றார் அண்ணி.

நான் லிஃப்ட் வாசலுக்கு ஓட, அவர் படிகளில் தடதடவென்று இறங்கி வந்து சேர்ந்தார். கதவு நிதானமாகத் திறந்தது. ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர். தலைமாட்டில் வார்டு சிஸ்டர். கையும் களவுமாகப் பிடித்தவர் போல் அண்ணி வழிமறித்து நிற்க, பெரியவர் மிரண்டுபோய், தான் எங்கேயும் ஓடிப்போகவில்லை என்றார்.

சிஸ்டர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே விளக்கினார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது, கணினியில் பழைய பெட்டை விடுவித்துவிட்டுப் புதியதைப் பதியும்படி. சிஸ்டர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. முதலில் புதியதைப் பிடித்துவைப்பார்கள். ஆளைப் படுக்கவைத்த பிறகுதான் பழையதை விடுவார்கள்.

"பழசை விட்டுட்டுக் கிளம்பி, வழியில புதுசை வேற யாராவது பிடிச்சுட்டா? இவரை உங்க மடியிலயா படுக்கவைக்கிறது?"

அண்ணி சிரித்த சிரிப்பில் ஹேர்பின் கீழே விழுந்தது. ஆள் லிஃப்டில் இருக்கும்வரைதான் பிழைக்கு உயிர். பெட்டில் படுத்ததும் அதற்கும் முடிந்தது கதை.

சிஸ்டர்களை அவர் மாறச் சொல்லவில்லை. தன் குவெரியை மாற்றினார். இரண்டு பெட் வந்தால் புதியதை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் 'வழியில்' என்று காட்டும். மதியம் இன்னொருவர் லிஃப்டில் இருக்கும்போதே பட்டியல் முழுசாக வந்தது. அதைப் பார்த்த தலைமை மருத்துவர், இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹேர்பின் கூந்தலுக்குத் திரும்பியது. நான் படித்த ஒற்றைச் சொல் கவிதைகளில் 'வழியில்'தான் சிறந்தது. அண்ணியிடம் சொல்லவில்லை, அப்புறம் அவர் கேலி தாங்காது.

சில வாரம் கழித்து லிஃப்ட் மெக்கானிக் இருமல் மருந்துக்கு வந்தபோது ஒன்று சொன்னார். அந்த நாட்களில் லிஃப்ட் பாதி வேகத்தில்தான் ஓடியதாம். அதனால்தான் ஒருவருக்கு இரண்டு பெட் இருக்கும் அந்த இடைவெளி அவ்வளவு நீண்டிருக்கிறது. வெள்ளி காலையிலேயே புதுப் பாகத்தோடு வந்து நின்றிருக்கிறார். ஒரு பெரியவரைக் கீழே இறக்கும்வரை லிஃப்டை நிறுத்தவே கூடாது என்று வார்டு சிஸ்டர்தான் அவரை விரட்டிவிட்டாராம். அவர் முந்தியிருந்தால் அன்று அண்ணியின் மணி அடித்திருக்காது.