கண்மாயில் ஒரு பிளீசியோசர்

அந்த விலங்குக்கு விதிப்புத்தகத்தில் அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். பெயர் பிளீசியோசர். டைனோசர்கள் நிலத்தில் திரிந்த காலத்தில் கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஊர்வன. பீப்பாய் மாதிரி உடம்பு, நான்கு துடுப்புகள், உடம்பைவிட நீளமான கழுத்து, அதன் நுனியில் சின்னத் தலை. படத்துக்குக் கீழே ஒரு கட்டம். அதற்குள் அது எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிகள், தோலின் தடிமன், கடித்தால் எதிராளிக்கு எவ்வளவு சேதம், எங்கே வாழும் என்ற விவரங்கள். கடைசி வரி: பெரும்பாலும் தனியாகக் காணப்படும். செய்தி ஆசிரியர் குழுவில் இருந்தபோது பக்கத்தில் இடம் போதாவிட்டால் இந்த மாதிரி வரியைத்தான் முதலில் வெட்டுவேன்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் ஒரு கற்பனை உலகத்தையும் அதிலுள்ள ஆபத்துகளையும் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். எங்கள் மேசையில் உலகத்தை விவரிப்பது என் வேலை. பல வருடங்களுக்கு முன் ஞாயிறு மலருக்காக இந்த விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரை ஒன்றைத் திருத்தும்போது, சந்தேகம் தீர்த்துக்கொள்ள வாங்கியதுதான் அந்த விதிப்புத்தகம்.

நான் வேலை பார்த்த பத்திரிகை, பக்கம் அமைக்கும் பிரிவைச் சென்னைக்கு மாற்றியபோது நான் போகவில்லை. ஒத்தக்கடையில் மூன்றாவது மாடியில் வீடு. மனைவி மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனவள்; குழந்தை இப்போது நடக்கிறது. அடுத்த மாதம் வருகிறேன் என்று ஒவ்வொரு மாதமும் சொல்வாள், அதைச் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். வாரநாட்களில் என் பேச்சு, தண்ணீர் கேன் போடுபவரிடம் "ரெண்டு" என்று சொல்வதோடு முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் மருந்து நிறுவனப் பிரதிநிதி, வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ரத்த அழுத்தத்துக்காக நான் போகும் மருத்துவரின் வாசலில் பையும் டையுமாகக் காத்திருந்தவர். அவர் செல்போனில் என்ன படிக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். அடுத்தவர் கையில் இருக்கும் அச்சைப் படிப்பது எங்கள் தொழிலில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம். இந்த விளையாட்டின் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர் என் வீட்டுக்குக் கீழ் மாடியில் இருக்கும் விலங்கியல் ஆசிரியை. சௌராஷ்டிரக் குடும்பம், ஆட்டத்தின் நடுவில் அம்மாவின் அழைப்பு வந்தால் பால்கனிக்குப் போய் வீட்டு மொழியில் பேசிவிட்டு வருவார். பிரதிநிதி அவரை டீச்சர் என்பார். டீச்சர் அவரை அண்ணே என்பார். நான் ஒருவருக்கு அண்ணன், இன்னொருவருக்குச் சார்.

ஏப்ரலில் பிரதிநிதிக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. டீச்சர் ஜூனிலிருந்து ஞாயிறும் டியூஷன் எடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

"இந்தக் கதை முடியிற வரைக்கும் நான் பஸ் ஏறி வாரேன்ணே. பாதியில விட்டா மனசு ஒப்பாது," என்றார் பிரதிநிதி. "முடிஞ்சுச்சுன்னா முடிஞ்சதுதான்."

"நானும் டியூஷனை அதுவரைக்கும் சாயங்காலத்துக்குத் தள்ளிக்கிறேன்," என்றார் டீச்சர்.

ஆகவே கதை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு ஞாயிறு எனக்கு உண்டு. அன்று இரவே புத்தகத்தைப் புரட்டி அந்த அரைப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். தோல் தடித்தது, தண்ணீருக்குள் வேகமானது, சுலபத்தில் சாகாது. நாயகர்கள் போக வேண்டிய கோட்டை வாசலுக்கு முன்னால் அதைப் போட்டுவிட்டால் மழைக்காலம் வரை இழுக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

புத்தகம் கடல் அல்லது பெரிய ஏரி என்கிறது. கடல் என்றால் இங்கே யார் மனதிலும் படம் வராது. அதனால் கண்மாயாக மாற்றினேன். மலையடிவாரத்தில் பெரிய கண்மாய், ஒரு பக்கம் கருவேலம் மண்டிய கரை, எதிர்ப்பக்கம் கோட்டை. மேலூர் சாலையில் போகும்போது பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்ததையெல்லாம் அப்படியே வைத்தேன். தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கல்தூண்கள், அவற்றின்மேல் ஒரு குறுக்குக்கல், அதில் சிறகு உலர்த்தும் நீர்க்காகம். நான் தெற்குவாசலில் பிறந்து வளர்ந்தவன். அந்தக் கற்கள் எதற்கு என்று யோசித்ததில்லை. பார்த்ததை எழுதினேன்.

முதல் ஞாயிறு அது நன்றாகவே வேலை செய்தது. பிரதிநிதியின் போர்வீரன் பரிசலில் பாதி தூரம் போனதும் கழுத்து மேலே வந்தது. படத்தைக் காட்டினேன். அன்னம்போல் வளைந்து நிற்கும் கழுத்து.

"இப்படி வளைக்காது சார்," என்றார் டீச்சர். "கழுத்தெலும்பு விடாது. கிட்டத்தட்ட நேரா நீட்டிக்கிட்டுத்தான் நீந்தியிருக்கும்."

"டீச்சர், அது என்னைய விழுங்க வருது. நீங்க எலும்பை எண்ணிக்கிட்டிருக்கீங்க."

"தப்பாப் படம் போட்டிருந்தா சொல்லணும்லண்ணே."

நான் திருத்திக்கொண்டேன். கழுத்து நேராக, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு மரத்தடி மிதந்து வருவதுபோல் வந்து பரிசலை இரண்டாக்கியது. போர்வீரன் பாதி உயிரோடு கரை ஏறினான். டீச்சரின் மந்திரக்காரி எய்த தீ, தண்ணீரில் அணைந்தது. அடுத்த ஞாயிறும் அதே கதைதான். அடுத்ததும், அதற்கடுத்ததும். கோட்டைவாசல் எதிரே தெரிகிறது, போக முடியவில்லை. பிரதிநிதி திரும்பிப் போகும்போது படியில் முணுமுணுத்தது மேலே வரை கேட்டது: "ஒரு பல்லிக்காக நாலு வாரமா பஸ்ஸுக்குக் காசு." டீச்சர் சிரித்தார். நான் கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் குடித்த டம்ளர்களை உடனே கழுவாமல் விட்டுவைத்தேன்.

மே கடைசியில் பிரதிநிதி நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"அண்ணே, கண்மாய்க்குள்ள ரெண்டு கல்லு நிக்குதுன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா."

"மேல குறுக்கால ஒரு கல்லு."

"ஆமா. நீர்க்காகம் உக்காந்திருக்கும்."

"காகம் கெடக்கட்டும். அது மடைண்ணே."

எனக்குப் புரியவில்லை. டீச்சருக்கும் புரியவில்லை. பிரதிநிதி என் மேசையில் இருந்த உப்பு டப்பாவையும் இரண்டு பேனாவையும் வைத்துக் காட்டினார். கண்மாயின் தரையில் ஒரு கல்பெட்டி. அதில் ஒரு துளை. துளையை அடைத்து ஒரு குழவிக்கல். துளைக்குக் கீழே கரையைக் குடைந்து வயலுக்குப் போகும் வாய்க்கால். பெட்டி இருக்கும் இடம் தெரிவதற்கும் பிடித்து இறங்குவதற்கும்தான் மேலே தூண்கள்.

"எங்க ஊர்க் கண்மாயில இன்னும் நிக்குது. முந்தியெல்லாம் ஒரு ஆளு மூச்சடக்கி முங்கிப் போயி அந்தக் கல்லைத் தூக்கணும். இப்ப இரும்புக் கதவு போட்டாச்சு. நான் முங்குறேன். கல்லைத் தூக்குறேன். தண்ணி போயிரும். தண்ணி போனா உங்க நெட்டைக்கழுத்து என்ன பண்ணும்?"

அந்த உலகம் என்னுடையது. அது மடை இல்லை, பழைய மண்டபத்தின் தூண் என்று நான் சொன்னால் அது மண்டபம்தான். இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தூண்களை முதல் வாரமே சொல்லியாகிவிட்டது. டீச்சர் தன் வரைபடத்தில் நீர்க்காகத்தோடு சேர்த்து வரைந்தும் வைத்திருந்தார். இந்த ஊரில் கண்மாய்க்குள் அப்படி நிற்கும் கல் வேறு எதுவாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"மடைதான்," என்றேன்.

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அது ஊர்வன சார். செவுள் கிடையாது. மூச்சு விட மேல வந்துதானே ஆகணும்?"

"வரணும்."

"அப்ப அந்தக் கரையில ஆட்டுக்கறியை வீசி அதை அங்க இழுக்குறேன். அது மூச்சு விடத் தலையைத் தூக்குற நேரம் அண்ணன் இங்க முங்கட்டும்."

நான் எப்போதும் பகடையை எல்லோரும் பார்க்கத்தான் உருட்டுவேன். கறி வாடைக்கு அது மயங்காமல் இருக்க எனக்குப் பன்னிரண்டு வேண்டும். நான்கு விழுந்தது. பிரதிநிதி முங்கினார். கல்லைத் தூக்க அவர் உருட்டியது போதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே உண்மையில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார், கன்னம் உப்பியிருந்தது. இப்போது விலங்கு திரும்புகிறது என்றேன். கடிக்க எனக்குப் பதினைந்து வேண்டும். உருட்டினேன். பகடை மேசை விளிம்பு வரை ஓடி, பதினொன்றில் நின்றது. எந்த எண்ணுக்காக நான் காத்திருந்தேன் என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது.

அடுத்த முறை கல் வந்துவிட்டது.

"போகுது பாருங்க டீச்சர்," என்று பிரதிநிதி மூச்சை விட்டார். "சுழிச்சுக்கிட்டுப் போகும். ஆளையே உள்ள இழுக்கும்."

தண்ணீர் வடிவதை நான் விவரித்தேன். முதலில் கரையோரச் சேறு தெரிந்தது. பிறகு கெண்டையும் விராலும் துள்ளும் குட்டைகள். ஊர்க்காரர்கள் கரையில் கூடினார்கள்.

"மீன்பிடித் திருவிழாதான். மீனை அமுக்கிப் பிடிக்கிற ஊத்தாக்கூடையத் தூக்கிக்கிட்டு ஊரே எறங்கும்," என்றார் பிரதிநிதி.

"இதை அமுக்க எம்புட்டுப் பெரிய கூடைண்ணே வேணும்?"

"அமுக்கிட்டா தலை எனக்கு."

கடைசியில் விலங்கு சேற்றில் தனியாகக் கிடந்தது. துடுப்புகளால் அதற்கு நகர முடியவில்லை. தண்ணீரில் மிதந்த உடம்பின் கனமெல்லாம் இப்போது அதன் நுரையீரல்மேல்தான் இருக்கும் என்று டீச்சர் சொன்னார்.

"அடிக்கணுமாண்ணே?" என்று பிரதிநிதியைக் கேட்டார்.

"எதுக்கு டீச்சர்? அது நம்மள இனி என்ன பண்ணப் போகுது? காஞ்ச பக்கமா நடந்து போயிருவோம்."

நடந்து போனார்கள். அது கழுத்தைச் சேற்றின்மேல் நீட்டி அவர்கள் போவதைப் பார்த்தது என்று மட்டும் சொன்னேன். கோட்டைக்குள் நான் அதிகம் வைக்கவில்லை. என் உழைப்பெல்லாம் தண்ணீரில்தான் இருந்தது. வெயில் தாழ்வதற்குள் புதையலை எடுத்துவிட்டார்கள்.

"நல்லா இருந்துச்சுண்ணே. இப்படி முடியும்னு நெனைக்கல," என்றார் பிரதிநிதி, செருப்பை மாட்டிக்கொண்டே. "திருச்சிப் பக்கம் வந்தா ஒரு போன் போடுங்க."

"வர்றேன்," என்றேன். திருச்சியில் எனக்கு வேலை எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

டீச்சர் இரண்டு மாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து டியூஷன் தொடங்கினார். ஞாயிறு பிற்பகல்களில் அவர் குரல் என் சமையலறை ஜன்னல் வழியாக மேலே வரும். ஊர்வனவற்றின் இதயத்தில் எத்தனை அறை என்று அவர் கேட்பதும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பதில் சொல்வதும் கேட்கும். படிக்கட்டில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா சார்" என்பார். கையில் விடைத்தாள்கள் இருக்கும். சாப்பிட்டேன் என்பேன்.

அப்படியொரு ஞாயிறு மேசையில் உட்கார்ந்து பகடையை எடுத்தேன். ஆடுபவர்கள் விட்டுப்போன இடத்திலும் உலகம் நடந்துகொண்டிருக்கும் என்பது விதி. சேற்றில் ஒரு விலங்கு கிடக்கிறது. அது என்ன ஆனது என்பதை யாராவது தீர்மானிக்க வேண்டும். அந்த உலகத்தின் ஒரு நாளுக்கு ஒருமுறை உருட்டுவது, பதினெட்டுக்கு மேல் விழுந்தால் மழை, இல்லாவிட்டால் அதன் உயிர்ப்புள்ளிகளில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. எண்ணை மாற்றி எழுதியிருக்கலாம். மாற்றவில்லை. புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. வெளியே யானைமலைக்கு மேல் மேகமே இல்லை. இனி ஓரிரு முறைதான் என்ற நிலையில் பத்தொன்பது விழுந்தது. எழுந்து நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்தேன்.

ஆனால் மழை பெய்தால் மட்டும் போதாது என்பது அப்போதுதான் உறைத்தது. மடை திறந்து கிடக்கிறது. அடைத்தால்தான் கண்மாய் நிறையும். அடைத்தது யார்? அதற்கு நான் பகடை உருட்டவில்லை. அங்கே ஒரு புதுக் கதை இருப்பதைப் பார்த்தேன். ஒரு கதை என்றால் சில ஞாயிறுகளாவது.

மூவருக்குமான வாட்ஸ்அப் குழு பல வாரமாகச் சும்மா கிடந்தது. ஒருநாள் டீச்சர் கேட்டிருந்தார்: "சார், நம்ம பிளீசியோசர் கடைசியில என்னாச்சு? கிளாஸ்ல இன்னிக்கு ஞாபகம் வந்துச்சு."

நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பிரதிநிதி பதில் போட்டுவிட்டார். "செத்துருக்கும் டீச்சர். ஊர்க்காரன் விடுவானா? பங்கு போட்டுக் கொழம்பு வச்சிருப்பான்." அதற்குக் கீழே டீச்சரின் சிரிக்கும் முகம்.

நான் செய்தி எழுதுவதுபோல் எழுதினேன். விலங்கு உயிரோடு இருக்கிறது. மலைப்பக்கம் பெய்த மழையில் கண்மாய் நிரம்பிவிட்டது. ஊர்க்காரர்கள் அதை நெருங்கவில்லை. மடையில் இருந்து எடுத்துப்போட்ட கல்லை யாரோ முங்கிப் போய்த் திரும்ப வைத்திருக்கிறார்கள். அது யார் என்று தெரியவில்லை. ஒருமுறை படித்துப் பார்த்து, ஒரு சொல்லைக் குறைத்து அனுப்பினேன்.

டீச்சரிடமிருந்து உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. பிரதிநிதியின் கட்டைவிரல் மறுநாள் காலை வந்தது. ஏதாவது ஒரு மருத்துவரின் வாசலில் காத்திருக்கும்போது போட்டிருப்பார். கல்லை வைத்தது யார் என்று இருவருமே கேட்கவில்லை.