இரண்டு உருப்படி, ஒரு செட்

வெள்ளம் வடிந்த பிறகு வந்த வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, பஸ் கண்டக்டர் ஒருவர் தன்னுடைய நாயோடும் தனக்குச் சொந்தமில்லாத ஒரு பூனையோடும் என் அத்தையின் லாண்டரியிலிருந்து கிளம்பிப் போனார். நாய் முன்னால் இழுத்தது. பூனை துணிக்கூடைக்குள்ளிருந்து எல்லாரையும் திட்டிக்கொண்டே போனது. படியிறங்கும்போது கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பிரிய மனமில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் கையசைத்தேன். அத்தை சீட்டின் மீது 'டெலிவரி ஆனது' முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. இருபத்திரண்டு வருடமாக ஒரு கட்டடத்தின் மாடியில் லாண்டரி நடத்துகிறாள். கல்யாணம் வேண்டாம் என்பதற்கு அவள் சொன்ன ஒரே காரணம், நாளெல்லாம் ஊரார் சட்டையைத் துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தும் ஒருத்தர் சட்டையைத் துவைக்க முடியாது என்பது. கவுன்ட்டருக்கு மேல் ஒரு பலகை தொங்கும்: 'சீட்டு இல்லையேல் உருப்படி இல்லை.' பெட்ஷீட்டும் அவளுக்கு ஓர் உருப்படி, கைக்குட்டையும் ஓர் உருப்படி. ஒரு போலீஸ்காரர் சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோது, அவருடைய யூனிஃபார்ம் அவர் கண் முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அன்று அவர் கட்டம்போட்ட சட்டையில்தான் டூட்டிக்குப் போனார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பட்டன்கூட ஆள் மாறிப் போனதில்லை. அத்தையிடம் இருக்கிற பெருமை இது ஒன்றுதான். அதை அவள் தினமும் எடுத்துத் துடைத்து வைப்பாள்.

பிராணிகள் அவளுக்கு ஆகாது. பூனை இருக்கிற தெருவுக்குள் நுழைந்தாலே தும்முவாள். கறுப்புக் கோட்டில் நாய்முடி ஒட்டியிருந்தால், அந்த வாடிக்கையாளரின் குணத்தைப் பற்றியே ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியிருந்த நேரம் அது. இவள் எங்கேயாவது ஓர் இடத்தில் நிற்கட்டும் என்று அப்பா என்னை அத்தையிடம் விட்டிருந்தார். நின்றேன், துணி மடிக்கிற மேசைக்கு முன்னால். மூன்றாவது வாரம் ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்துவிட்டது.

எல்லாரும் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனார்கள். அங்கே பிராணிகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தபால்காரர் ஒருவர் மழைக்கோட்டுக்குள் ஒரு முயலை வைத்துக்கொண்டு எங்கள் படியேறி வந்தார். ரெண்டு நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல அத்தை வாயைத் திறந்தாள், தும்மல் வந்துவிட்டது. அவள் தும்மி முடிப்பதற்குள் தபால்காரர் முயலைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டார்.

கவுன்ட்டரில் ஒரு பொருள் வந்துவிட்டால் அத்தையின் கை தானாகச் சீட்டுப் புத்தகத்துக்குப் போகும். எழுதினாள்: 'முயல், வெள்ளை, 1 உருப்படி. இடது காதில் பழைய கறை. அதற்குக் கடை பொறுப்பல்ல.' பாதிச் சீட்டைக் கிழித்துத் தபால்காரரிடம் கொடுத்தாள். மறுபாதியை முயலின் கழுத்தில் கட்டினாள். கார்பன் நகல் புத்தகத்தில் நின்றது.

விஷயம் முகாமுக்குள் பரவிவிட்டது. மறுநாள் மதியத்துக்குள் முப்பத்தெட்டு உருப்படி சேர்ந்துவிட்டது. கவனித்துக்கொள்ள நாங்கள் நாலு பேர்: அத்தை, நான், கடையின் இஸ்திரிக்காரர், கீழ்த்தளத்தில் கிளினிக் மூழ்கிப்போன பல் டாக்டர். டாக்டர் இருக்கிறாரே என்று எங்களுக்குத் தெம்பாக இருந்தது. அவரோ எந்தப் பிராணியைக் கொண்டுவந்தாலும் முதலில் வாயைத் திறந்துதான் பார்த்தார். கிளிகளுக்குப் பல் இல்லாதது அவரை ரொம்பவும் சோர்வடையச் செய்தது.

"வெள்ளை தனி, கலர் தனி" என்று அத்தை உத்தரவு போட்டாள். லாண்டரியில் அப்படித்தான் பிரிப்பார்கள். அதன்படி வெள்ளை முயல், வெள்ளைப் பூனைகள், ஒரு பெரிய வெள்ளை நாய் எல்லாம் ஒரே அறைக்குள் போயின. ஏழு நிமிடம் கழித்து இஸ்திரிக்காரர் முயலைத் தலைக்கு மேல் தட்டுபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா, சாயம் ஒட்டுறது இருக்கட்டும். இங்க உருப்படியே மிஞ்சாது போல."

அதன் பிறகு, ஒன்றை ஒன்று விழுங்க முடியாதபடி பிரித்தோம். கிளிக்கூண்டுகள் கோட்டு மாட்டுகிற கம்பியில் தொங்கின. நாய்கள் இஸ்திரி மேசையின் காலுக்கு ஒன்றாகக் கட்டப்பட்டன. ஆமை கஞ்சித் தொட்டியில் இருந்தது. அதற்கு மட்டும்தான் வெள்ளம் வந்ததே தெரியாது. அத்தை மூக்கில் மூன்று கைக்குட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு தும்மினாள். தும்மிக்கொண்டே சோறு வைத்தாள், கூண்டு கழுவினாள், குளிரில் நடுங்கிய நாய்க்குட்டியை இஸ்திரி போட்ட சூட்டோடு ஒரு துண்டில் சுற்றினாள். ஐந்தாம் நாள் கிளிகளும் தும்ம ஆரம்பித்தன, அத்தையின் குரலிலேயே.

தண்ணீர் வடிந்ததும் ஆட்கள் சீட்டோடு வந்தார்கள். ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயிற்று. கண்டக்டர் போன மறுநாள், நர்ஸ் ஒருத்தி யூனிஃபார்மோடு படியேறி வந்தாள். வெள்ளம் தொடங்கிய அன்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், ஒன்பது நாள் வீட்டுக்கே வர முடியாமல் அங்கேயே நின்றிருக்கிறாள். வீட்டில் அவளுக்கு இருப்பது ஒரு பூனை மட்டும்தான். பெயர் மாத்திரை. சாம்பல் நிறம், வலது காதில் ஒரு கிழிசல். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கூடையில் போட்டுப் படகுக்காரரிடம் கொடுத்து, லாண்டரியில் சேர்க்கச் சொன்னாராம்.

"சீட்டு?" என்றாள் அத்தை.

அவளிடம் சீட்டு இல்லை. அத்தை உதட்டைப் பிதுக்கினாள். இஸ்திரிக்காரர் இருமினார். நான் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். மூன்றாம் நாள் பக்கத்தில் அத்தையின் கையெழுத்தில் இருந்தது: 'நாய், சாம்பல். பூனை, சாம்பல், காதில் கிழிசல். ஒரே துணி. செட். 2 உருப்படி.'

நடந்தது அப்போதுதான் புரிந்தது. அன்று படகுக்காரர் ஒரு கையில் நாயும் மறுகையில் பூனைக்கூடையுமாக ஏறி வந்து, இரண்டையும் கவுன்ட்டரில் வைத்துவிட்டு அடுத்த தெருவுக்கு விரைந்தார். கண்டக்டர் பின்னாலேயே நனைந்து வந்து நின்றார். இரண்டும் ஒரே சாம்பல். இருபத்திரண்டு வருடம் பழகிய கண்ணுக்கு அவை கோட்டும் பேன்ட்டுமாகத் தெரிந்துவிட்டன. ஒரே சீட்டு எழுதிக் கண்டக்டரிடம் நீட்டிவிட்டாள். டெலிவரி நாளன்று அவர் சொல்லத்தான் பார்த்தார்.

"மேடம், இதுல பூனை வந்து..."

"பூனைக்கு என்ன? கறையா?"

"இல்ல மேடம், அது என்னோட..."

"செட்டைப் பிரிச்சுக் குடுக்கிற கடை இது இல்லைங்க. ரெண்டையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் டிக்கெட் கேட்ட மனிதருக்கு, சீட்டை வைத்துக்கொண்டு பேசுகிறவரை எதிர்த்துப் பழக்கமில்லை. பூனையைக் கூடையில் வைத்துக் கொடுத்தது நான்தான்.

நர்ஸ் சத்தம் போடவில்லை. வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். கால் வீங்கியிருந்தது.

"அது பத்திரமா இருக்குன்னு நினைச்சுத்தான் ஒன்பது நாளும் நின்னேன்" என்றாள்.

அத்தை மூக்கிலிருந்த கைக்குட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். துணி தொலைந்தால் ஈடாக இன்னொன்று கொடுப்பது தொழில் வழக்கம். யாரும் வாங்க வராத ஒரு கறுப்புப் பூனையை உள்ளிருந்து தூக்கி வந்தாள்.

"இதே அளவு. கலர் மட்டும் கொஞ்சம் அழுத்தம்."

நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, இரண்டில் எது என்று முடிவாவதற்குள் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

கண்டக்டர் எழுதிக் கொடுத்த நம்பர் தண்ணீரில் போன போனுடையது. வீட்டுச் சுவர் இடிந்து, அவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போயிருந்தார். எந்த ஊர் என்று டிப்போவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகூடக் கடையைப் பூட்டாத அத்தை, அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறினாள். ஒவ்வொரு கண்டக்டரிடமும் சாம்பல் நாய் வைத்திருக்கிற சக ஊழியரைப் பற்றி விசாரித்தாள். பஸ்களில் நோட்டீஸ் ஒட்டினாள்: 'தவறுதலாக டெலிவரி ஆன பூனை, சாம்பல், 1. தவறு கடையுடையது.' கடைசி இரண்டு சொற்களை எழுத அவளுக்கு ஒரு மாலை முழுக்க ஆனது.

ஒரு ஞாயிறு, நோட்டீஸ் ஒட்டுகிற மும்முரத்தில் பஸ் டிக்கெட்டை எங்கோ விட்டுவிட்டாள். பரிசோதகர் ஏறினார். பூனையின் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, டிக்கெட் இல்லாத குற்றத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். அத்தை நாலு கிலோமீட்டர் நடந்து வந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, அழியாத மையில் பலகைக்கு அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'துணிகளுக்கு மட்டும்.'

நர்ஸ் வெள்ளிக்கிழமைதோறும் டூட்டி முடிந்து வந்து, ஏதாவது தெரிந்ததா என்று கேட்பாள். இல்லை என்று சொல்வதற்குப் பதிலாக அத்தை டீ கொடுப்பாள். அவளுடைய யூனிஃபார்மை வாங்கித் துவைத்துக் கொடுப்பாள். அந்தக் கடையிலிருந்து சீட்டில்லாமல் வெளியே போன ஒரே உருப்படி அதுதான். கறுப்புப் பூனை கவுன்ட்டரிலேயே தங்கிவிட்டது. அத்தை தும்மும்போது அது மட்டும் கண்ணைத் திறந்து பார்க்கும்.

ஏழு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நர்ஸ் பெஞ்சில் டீயோடு உட்கார்ந்திருந்தபோது கடைப் போனில் ஒரு செய்தி வந்தது. அத்தை கண்ணாடியைத் தேடுவதுபோல் தேடிவிட்டு, போனை என்னிடம் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

"வணக்கம் மேடம். உங்க கடையில நாய் விட்டிருந்த கண்டக்டர். இந்த ஊர் பஸ்ல நேத்துதான் உங்க நோட்டீஸ் பார்த்தேன். பூனை என்னோடது இல்லன்னு அன்னிக்கே சொல்ல வந்தேன், உங்களைப் பார்த்தா பயமா இருந்துச்சு. பூனை நல்லா இருக்கு. நாய் அது சொல்றதைத்தான் கேக்குது. நானும்தான். போன மாசம் நாலு குட்டி போட்டிருக்கு, எல்லாமே சாம்பல். நீங்க குடுத்த ரெண்டு உருப்படி இப்ப ஆறு. ஞாயித்துக்கிழமை பூனையையும் குட்டிங்களையும் கொண்டு வரேன். ஒரே ஒரு விஷயம் மேடம், பூனை கழுத்துல கட்டியிருந்த சீட்டை நாய் தின்னுடுச்சு. வாங்கிக்குவீங்களா?"