சிக்னல் மாமாவின் செத்த பட்டன்

மாட்சிமை தங்கிய சிக்னல் மாமா அவர்கள் விரலை அசைத்தால், கடலலை கூட ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கும். பேருந்து, தண்ணீர் லாரி, முகூர்த்தத்துக்கு லேட்டான மாப்பிள்ளையின் கார், எல்லாம் அவர் நில் என்றால் நிற்கும், போ என்றால் போகும். பூமி சுற்றுவது ஒன்றுதான் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. அந்த ஃபைல் மேலதிகாரியின் மேஜையில் தூங்குகிறது.

இதெல்லாம் வெளியே. வீட்டில் சொட்டுகிற குழாயை அவரால் நிறுத்த முடியவில்லை. அக்காவின் வாயையும்.

நகராட்சியில் சிக்னல் விளக்குகளைப் பழுது பார்க்கும் எலக்ட்ரீஷியன் அவர். தோளில் ஏணி, பையில் டெஸ்டர், மணிக்கட்டில் வளையல் மாதிரி கறுப்பு டேப். கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்காவோடு இருந்தார். அக்கா தையல்காரி. எப்போதோ முறிந்து கோணலாகக் கூடிய வலது காலை இழுத்து இழுத்து நடப்பாள். வீடு மார்க்கெட் ரோட்டின் இந்தப் பக்கம், தையல் கடை அந்தப் பக்கம். அவளுக்கு ஒரு மகன். படிப்பைப் பாதியில் விட்டவன். இப்போதைக்கு அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

மார்க்கெட் ரோட்டைக் கடப்பவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள். காய்கறிக்காரர் ஒருவரை வேன் தூக்கியடித்த பிறகு, ஆபீசில் சுறுசுறுப்பு வந்தது. நடந்து போகிறவர்களுக்கென்று தனி சிக்னல், பட்டனை அமுக்கினால் வண்டிகள் நிற்கும். கம்பம் நட்டார்கள், வெள்ளைப் பட்டை அடித்தார்கள். கேபிள் மட்டும் போடவில்லை. ரோடு புதிது, வெட்ட விடமாட்டோம் என்று ரோடு போட்டவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"நீ பட்டனை மாட்டி வைப்பா. கேபிள் பின்னாடி வரும்" என்றார் ஓவர்சியர்.

"எதுலயும் சேராத பட்டன் எதுக்கு சார்?"

"பாக்க லட்சணமா இருக்கும்ல."

மாமா மாட்டினார். சும்மா மாட்டியிருந்தால் பரவாயில்லை. மொட்டையாக இருக்கிறதே என்று, தெருவிளக்குக் கம்பத்திலிருந்து ஒரு ஒயர் இழுத்து, அமுக்கினால் 'காத்திருக்கவும்' என்று சிவப்பாக எரியும்படி செய்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஜனங்கள் அமுக்கினார்கள். விளக்கு எரிந்தது. காத்திருந்தார்கள். மேலே நாற்சந்தியின் பெரிய சிக்னல் தன்பாட்டுக்குச் சிவப்பாகும்போது இங்கே வண்டி குறையும். எல்லாரும் கடந்துவிட்டு, பட்டனின் மகிமை என்றார்கள். அதிகம் சொன்னவள் அக்கா.

"என் தம்பி போட்டது. அமுக்கினா போதும், அவனவன் கப்சிப்புனு நிப்பான்" என்று, அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் நாடாவோடு சேர்த்து அளந்துவிட்டாள்.

மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு தெருவில் ஏணி மேல் இருந்தால் கூட மனசு மார்க்கெட் ரோட்டில்தான். வேலை முடிந்ததும் அங்கே போய் நிற்பார், நடப்பார், திரும்பி வந்து நிற்பார். கேபிள் என்னாச்சு சார் என்று ஓவர்சியரைக் கேட்டுக் கேட்டு நச்சரித்ததில், அவர் மாமாவைக் கண்டாலே போனைக் காதில் வைத்துக்கொண்டார். அக்காவிடம் உண்மையைச் சொல்ல வாயெடுப்பார். அவள் பெருமையைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அக்கா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "இன்னிக்கு ஒரு லாரிக்காரனுக்கு நல்லா குடுத்தேன்டா. நாற்சந்தியில போலீஸ்காரரே கையக் காட்டி வண்டிய விட்டுக்கிட்டு இருந்தாரு போல. எனக்கென்ன, நான்தான் பட்டன் அமுக்கிட்டேனே, எறங்கிட்டேன். பையில இடிச்சு நிறுத்தறான். என்னையே கேக்கறான், பாத்து வரக்கூடாதான்னு."

"நீ ரெண்டு பக்கமும் பாக்கலையாக்கா?"

"நீ போட்ட பட்டன். நான் ஏன் பாக்கணும்?"

மூலையில் இருந்த பையை மாமா பார்த்தார். லாரியின் முன்பக்கப் புழுதி, தைத்து முடித்த ரவிக்கைகள் வரை இறங்கியிருந்தது. கையிலிருந்த கவளம் தட்டுக்கே திரும்பியது.

"அக்கா, அது செத்த பட்டன். எதுலயும் சேக்கல. வெறும் விளக்கு."

குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

"ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனேடா" என்றாள் அக்கா. அவள் கை தன்னால் வலது காலைத் தடவிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மாமா ஒயரைப் பிடுங்கி, பட்டன் மேல் சாக்கைச் சுற்றிக் கட்டினார். ஓவர்சியர் குதித்தார். "யாரைக் கேட்டுக் கட்டினே? இப்பவே அவுத்துடு."

"கேபிள் வரட்டும் சார், அவுக்கறேன்."

"மெமோ குடுப்பேன்."

"குடுங்க சார்."



அதற்கடுத்த நாள் சாக்கின் மேல் ஓர் அட்டை தொங்கியது: 'மாட்சிமை தங்கிய பட்டன் அவர்கள் காலமாகிவிட்டார். அவர் உயிர்த்தெழும் வரை, இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கவும். துக்கம் விசாரிக்க அழையுங்கள்.' கீழே ஓவர்சியரின் போன் நம்பர்.

மார்க்கெட் முழுக்க விசாரித்தது. பூக்காரர் விசாரித்தார், மீன்காரம்மா விசாரித்தாள், எப்போ எடுக்கறாங்க என்று யாரோ கேட்டார்கள். ஓவர்சியர் போனை அணைத்தால் ஆளே ஆபீசுக்கு வந்து விசாரித்தது. அந்த வாரமே ரோட்டை வெட்ட அனுமதி வந்தது. மாமா பள்ளத்தில் இறங்கி, தானே கேபிள் இழுத்தார். பட்டன் உயிர்த்தெழுந்தது. அமுக்கினால் நிஜமாகவே வண்டிகள் நின்றன. அக்கா இப்போது பச்சை எரிந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறாள். மாமாவும் நிம்மதியாக இல்லை. அவளுடைய வலது காலும் நடைபாதையில் ஏறும் வரை எங்காவது ஒரு கம்பத்தின் பின்னால் நிற்கிறார்.

நேற்று மத்தியானம் அக்கா மகன் தையல் மிஷின் பலகையில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். பின்னால் வந்து நின்ற மாமா முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்.

"மாட்சிமை தங்கிய." அவனை மேலும் கீழும் பார்த்தார். "செத்துப்போன ஒரு பட்டனுக்கும் இதே பட்டத்தை எவனோ குடுத்திருந்தான். ஓவர்சியர் நம்பர் எங்கடா கெடச்சுது?"

"உங்க போன்லதான் மாமா."

"எதுக்குடா உனக்கு இந்த வேலை?"

அவன் தெருவைப் பார்த்தான். "எங்கம்மா மெதுவா நடக்கும் மாமா."

மாமா அவன் தலையில் ஒன்று வைத்தார். வலிக்கவில்லை. "சரி, குழாய் சொட்டறதையும் எழுதிட்டியா? அதை அடிச்சிடு."

"அடிச்சிட்டேன் மாமா."

மாமா காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"எங்கடா அடிச்சே?"